தொடையிலிருந்த கோடுகள்

வேட்டியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கச் சொன்னார் தோல் டாக்டரம்மா.

பூபதி தயங்கினான். மனைவி பக்கத்தில் நிற்பதுதான் அவனுக்குச் சங்கடம்.

அவள் நகரவில்லை.

கல்யாணமாகி ஐந்து மாதம். இரண்டாம் மாதமே அவள் இடுப்பில் படர்தாமரை வந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தனித் துண்டு, தனிச் சோப்பு, தனித் தட்டு. "பொறந்த ஊட்டுச் சீதனம்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் மாமியார் சொன்னாள். பூபதி தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான்.

இப்போது அவன் தொடையின் உட்புறம் முழுக்க வெளிறிய கோடுகள். பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பதைப்போல.

"படர்தாமரைக்கு நீங்களே கடையில வாங்கி, ஸ்டீராய்டு கலந்த க்ரீம் போட்டிருக்கீங்க. அதனால வந்த கோடுதான் இது. எத்தனை நாளா?"

"ஒன்ற வருசமாச்சுங்க."

ஒன்றரை வருஷம்.

பஸ்ஸில் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த புது மருந்தின் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்த தாளைப் படித்தாள். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள்.

வெண்ணிறப் படிகத் தூள். தண்ணீரில் கரையாது. ஆல்கஹாலில் கரையும். பூஞ்சையின் சவ்வுக்கு வேண்டிய கொழுப்பை உருவாக விடாது. சவ்வு பலமிழந்து உள்ளே இருப்பதெல்லாம் கசிந்துபோகும்.

இது எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிறது.

இவன் அந்த க்ரீமைத் தடவிச் சிவப்பை மட்டும் மறைத்தான். அரிப்பை மட்டும் அடக்கினான். அடியில் பூஞ்சை வளர்ந்துகொண்டிருக்க, மாலையைப் போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தான்.

"அம்மாகிட்டச் சொல்லீராத," என்றான் இறங்கும்போது. முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

மாமியார் முன்னறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகள் வாசற்படியிலேயே நின்றாள்.

"டாக்டரு என்ன சொன்னாங்களாமா?"

"உங்க பையன் சொல்லுவாருங்க, அத்தை."

சொல்வதற்கு அவனுக்கு நேரம் கொடுத்தாள். பூபதி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தான். வாயைத் துடைத்தான்.

"இவகிட்ட இருந்துதான் எனக்கும் ஒட்டிக்கிச்சாமா."

"நாந்தான் அன்னைக்கே சொன்னனே," என்றாள் மாமியார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மருமகள் கைப்பையைத் திறந்தாள். புது மருந்தில் நான்கு டியூப்கள் இருந்தன. இரண்டை எட்டி ஜன்னல் திட்டில் வைத்தாள். மற்ற இரண்டையும் உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்து மூடினாள்.

செருப்பை அவள் இன்னும் கழற்றியிருக்கவில்லை.