மர்சூக்கின் பிரசர்

"சட்டைக் கையை மேல இழுத்து விடும் தம்பி. மர்சூக்தானே?"

"ஓம் ஐயா."

டொக்டர் கறுப்புத் துணிப்பட்டையை அவன் புயத்தில் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கினார். மரப்பெட்டியில் இருந்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் விறுவிறுவென்று ஏறியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அறை வாசலில் நின்ற மர்சூக்கின் தகப்பன் ஷரிபுதீனும் அதையேதான் பார்த்தார். எவ்வளவு ஏறினால் நல்லது, எவ்வளவு ஏறினால் கெட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஏறாமல் இருந்தால் போதும் என்று மட்டும் துஆக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மர்சூக்குக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்திருந்தது. கல்முனைக்குடியில் அவர்கள் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள். ஆனால் போன மாதம் வைத்தியச் சோதனையில், பிரசர் கூடியிருக்கிறது, உப்பைக் குறைத்துக்கொண்டு வா என்று பழைய டொக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மாற்றலாகிப் போய், யாழ்ப்பாணத்திலிருந்து இவர் புதிதாக வந்திருக்கிறார். இன்று தவறினால் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும்.

டொக்டர் காதிலிருந்த குழாயைக் கழற்றினார். முகம் சரியில்லை.

"நூற்றி எழுபது. பதினெட்டு வயசுப் பொடியனுக்கு இப்பிடி இருக்கக் கூடாது. காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"பழஞ்சோறும் சுட்ட கருவாடும் ஐயா."

"கருவாடோ? உப்பைத் தொடக் கூடாதெண்டு இதில எழுதிக் கிடக்கே."

அவன் திருதிருவென்று விழித்தான். "மறந்து போனன் ஐயா."

வாசலில் ஷரிபுதீன் பல்லைக் கடித்தார். வீட்டில் ஒரு மாதமாகக் கறிச்சட்டிக்கு உப்பைக் காட்டவில்லை. இவன் என்னவென்றால், இங்கே வந்து கருவாட்டுக் கதை சொல்கிறான். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தேத்தண்ணி எத்தினை தரம்?"

"கணக்கில்ல ஐயா."

"பீடி?"

அவன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தான். "ரெண்டொண்டு."

"நித்திரை?"

"விடிய முந்திக் கடக்கரைக்குப் போயிருவன் ஐயா."

டொக்டர் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "படிக்கிற பொடியன்ர கை ஏன் இப்பிடிக் காய்ச்சுக் கிடக்கு?"

"லீவில கரவலை இழுக்கிற."

டொக்டர் அவனைக் கட்டிலில் படுக்கவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார். சற்று இறங்கியிருந்தது. ஆனாலும் அதிகம்தான்.

"பயத்திலயும் ஏறும். உம்மட தகப்பனுக்கு இந்த வருத்தம் இருக்கோ?"

அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "இல்ல ஐயா. வாப்பா சுகமா இரிக்காரு. அந்தா நிக்கிறாரு."

"வாங்கோ இஞ்சை."

ஷரிபுதீன் உள்ளே வந்தார். டொக்டர் அவருடைய கையிலும் பட்டையைக் கட்டினார். பாதரசம் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கியது. டொக்டர் அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

"உங்களுக்கு ஒரு குறையுமில்லை. நல்லது." கதிரையில் உட்கார்ந்து சோதனைக் கடுதாசியை எடுத்தார். "இப்ப நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. கருவாடு, பீடி, நித்திரையில்லாமை, இதுகளால ஏறின பிரசர் எண்டால் இதுகளை விட்டால் இறங்கும். அதுக்காக ஒரு பொடியன்ர வாழ்க்கையைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. கையெழுத்து வைப்பன். ஆனால், தகப்பனோ ஆரோ சின்ன வயசில திடீரெண்டு விழுந்து செத்திருந்தால் கதை வேற. இண்டைக்கே வார்டில மறிச்சு வைச்சுப் பாக்கோணும். அப்பிடிப்பட்ட உடம்போட வலை இழுக்கப் போனால் எப்ப விழுவானெண்டு சொல்ல ஏலாது. உங்கட குடும்பத்தில அப்பிடி ஆரும் இருந்தவையோ?"

ஷரிபுதீன் பொடியனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

"இல்ல ஐயா," என்றார்.

டொக்டர் பேனை மூடியைக் கழற்றினார்.

இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மகன் வாத்தியார். ஊரில் எதிர்ப்படுகிறவன் எல்லாம் நின்று ஸலாம் சொல்லுவான். வாயைத் திறந்தால் இடமும் போகும், மானமும் போகும். ஷரிபுதீன் காசுக்கும் கல்யாணத்துக்கும் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். இந்தப் பொய்யோடு நிற்க அவரால் முடியவில்லை.

"ஐயா..." என்று இழுத்தார்.

பொடியன் அவருடைய கையைப் பிடித்தான். "வைக்கட்டும் வாப்பா," என்றான் மெதுவாக. "எனக்கு ஒண்டும் செய்யாது."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேனை கடுதாசியைத் தொடப்போன நேரம் டொக்டரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வைக்காதீங்க ஐயா. இவன வார்டில மறியுங்க. இவன்ட வாப்பா முப்பத்தஞ்சு வயசில, கரவலை இழுக்கக்குள்ள மணலில விழுந்து அதே இடத்தில மௌத்தாப் போனவரு."

டொக்டர் நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்கள் ஆர்?"

"நான் மர்சூக்கிட வாப்பாதான் ஐயா, அவன் வெளிய மரத்தடியில நிக்கிறான். இவன் என்ட தங்கச்சிட மகன் அபூசாலி. ஒரு நோயுமில்லாத பொடியனெண்டுதான் மகனுக்குப் பதிலா இவனக் கூட்டிக்கொண்டு வந்த."