மரச்சீனிக்கு ஒரு சிவப்புப் புள்ளி

மார்த்தாண்டம் சந்திப்பின் ஹாரன் சத்தம் மாடி அறைக்குள் வந்து மோதுகிறது. உணவுப் பாக்கெட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துச் சொல்லும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு, அடுத்து செய்ய வேண்டிய திருத்தங்களைப் பெனிஷும் உடன் வேலை செய்யும் பெமிலாவும் பட்டியல் போடுகிறார்கள். திரையில் விழும் வெயிலை உள்ளங்கையால் மறைத்துப் படித்துக்கொண்டிருந்த பெமிலா குலுங்கிச் சிரிக்கிறாள்.

"அண்ணே, இதப் பாத்தீங்களா? மரச்சீனி சிப்ஸக் காட்டினா சீனி சேத்திருக்குன்னு செவப்புப் புள்ளி போடுது! கெழங்குக்கப் பேருல கெடக்க சீனியப் பிடிச்சிருக்கு, புத்தியில்லாத மண்டன்!"

பெனிஷ் சிரிக்கவில்லை. போன மாதம், சர்க்கரை நோயோடு படுத்திருந்த அவன் அப்பா ரசலையன், "ஒரே ஒரு துண்டு தா மக்கா" என்று கை நீட்டியபோது, இதே சிவப்புப் புள்ளியைக் காட்டித்தான் அவன் மரவள்ளி சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கி வைத்தான். மூன்றாம் நாள் அவரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.

"இத முதல்ல வைக்கட்டா அண்ணே?"

"வை."

"யாருக்குப் பாதிப்புன்னு ஒரு கட்டம் கெடக்கு. என்ன எழுத?"

அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, 'அப்பா' என்று அடிக்கிறான். பெமிலாவின் சிரிப்பு நின்றுபோகிறது. பெனிஷ் அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்து, 'பயனர் ஒருவர்' என்று அடிக்கிறான்.