அடங்காதவள்

“இவளுக்குக் கால்ல சக்கரம், டாக்டர். ஒரு நிமிஷம் உட்கார மாட்டா. இப்படியே போனா பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திடுவோம்கிறாங்க.”

சுமை தூக்கிப் பிழைக்கும் அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் சுமைதான். வீட்டில் மகளின் மடியில் மணல்மூட்டையை ஏற்றி உட்காரவைத்துப் பார்த்தார். அதையும் தள்ளிவிட்டு ஓடினாள்.

டாக்டர் அவளுடைய விரல் நடுக்கத்தைக் கவனித்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். மறுநாள் முடிவு வந்தது.

“இது சேட்டை இல்லைங்க. தைராய்டு அதிகமாச் சுரக்குது. மாத்திரை சாப்பிட்டா சரியாகும், நல்லாப் படிப்பா.”

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“குடும்பத்துலயும் வரும் இது. இவ அம்மாவுக்குக் கைநடுக்கம், படபடப்பு, எரிச்சல் ஏதாவது உண்டா?”

அப்பா பரிசோதனைத் தாளை மடிக்க ஆரம்பித்தார்.

“அதுக்குத்தானே டாக்டர்,” என்றாள் மகள், நாற்காலியை ஆட்டிக்கொண்டே, “வீட்டுக்கு அடங்காதவள்னு அம்மாவை அப்பா துரத்திவிட்டாரு!”