கழுவாத கை

சாப்பாடு முடிந்துவிட்டது. ஆனால் அருணகிரி கை கழுவ எழுந்திருக்கவில்லை. விரல்களில் மோர்ச்சோறு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. டாக்குரியா வட்டாரம் முழுக்கக் கரண்ட் இல்லை. கீழே இருக்கும் மிட்டாய்க்கடையின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு ஏறிவந்து சீலிங்கில் படிந்திருக்கிறது. கூடவே பால் சுண்டும் வாசனையும் வருகிறது. அந்தக் கடையின் மிஷ்டி தோய், சின்ன மண்சட்டியில் உறைந்த இனிப்புத் தயிர், ஒரு வாய் சாப்பிடாமல் இந்த வீட்டில் யாரும் ராத்திரி கை கழுவியதில்லை. மகள் வனஜாதான் இறங்கிப் போய் வாங்கி வருவாள். போன மாதம் அந்தக் கடைக்காரரின் மகனையே கல்யாணம் செய்துகொண்டாள். அதோடு தயிர் நின்றுபோயிற்று. "கொஞ்சம் வெல்லம் எடுத்தாரட்டுங்களா?" என்கிறாள் கிருஷ்ணம்மாள். "வேணாம். பழகிக்கலாம்." கணவரின் குரலில் கோபம்கூட இல்லை. கீழே ஒரு பெண், "தாதா, ஆர் கிச்சு லாக்பே?" என்று யாரையோ கேட்கிறாள். அண்ணா, வேறு ஏதாவது வேண்டுமா என்கிற அந்த வங்காளக் கேள்வி, இந்த வீட்டில் கேட்டுப் பழகிய குரலில் மாடிவரை வருகிறது. இருவரும் சீலிங்கையே பார்க்கிறார்கள். தட்டை எடுக்கக் குனியும்போதுதான் கிருஷ்ணம்மாள் தன் இடது கையைக் கவனிக்கிறாள். தயிருக்கான சின்னக் கரண்டிகள், மூன்று. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவரும் பார்த்துவிட்டார். இன்னும் கை கழுவ எழுந்திருக்கவில்லை.