சௌந்தரத்திடம் விசாரித்தார்கள்

“இந்தத் தெருவுல வாடகைக்கு வீடு எதுனா காலியா இருக்குங்களா?”

கரண்ட் போன சாயங்காலம். வாசல் கேட்டருகே நாற்காலி போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சௌந்தரம் நிமிர்ந்து பார்த்தாள். பட்டுப்புடவை, கையில் புதுக் குடை, காலில் பஸ் தூசி. வீடு தேடுகிறவர்கள் பட்டுப்புடவையில் வருவதில்லை. பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள்தான் இப்படி வீடு தேடுவார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

“வீடு கெடக்கட்டும், அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க. காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்காரங்கதானே? மாப்பிள்ள அருண்குமாருக்கு நீங்க என்னா வேணும்?”

“பெரியம்மா” என்று வந்தவள் ஒப்புக்கொண்டாள். பெயர் கொளஞ்சியம்மாள். “எதுத்த வீட்டு தட்சிணாமூர்த்தி பொண்ணு இளமதிக்கு ஜாதகம் பொருந்திடுச்சு. தை பொறந்ததும் முடிச்சுடலாம்னு இருக்கோம். காலேஜ அதோட நிறுத்திடணும், அது ஒண்ணுதான் எங்க கண்டிஷன். அவுங்க அப்பாவும் சரின்னுட்டாரு. அக்கம்பக்கத்துல ஒரு வார்த்த கேட்டுக்கிட்டா திருப்தியா இருக்கும், பாருங்க.”

அந்த ஒரு வார்த்தை இந்தத் தெருவில் சௌந்தரத்தின் வாயில்தான் இருந்தது. அவள் வாயால் நின்றுபோன கல்யாணங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு மண்டபமே பிடிக்கலாம்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோலத் திரைச்சீலை அசையாமல் தொங்கியது.

“தங்கமான பொண்ணு” என்றாள் சௌந்தரம். கொளஞ்சியம்மாளின் முகம் மலர்ந்தது. “ஆனா...”

இந்த ‘ஆனா’வுக்காகத்தானே பஸ் பிடித்து வருகிறார்கள்! கொளஞ்சியம்மாள் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

“சிதம்பரத்துல படிக்குதா, அங்க கட்டுரை எழுதக் கத்துக்குடுக்கிற இங்கிலீஷ் வகுப்பு ஒண்ணு. பசுமாடு, பொங்கல்னு எழுதுவாங்கன்னு பாத்தா, கவிதையப் படிக்கணும், படம் போட்ட கதையப் படிக்கணும், சினிமாவப் பாக்கணும், அதப்பத்தித்தான் எழுதணுமாம். அதுல சேந்ததுலேருந்து பொண்ணு பூமியில இல்ல.”

“அப்படின்னா?”

“காலையில பால் பாக்கெட்ட வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு நிக்கும். ‘அத்தை, ராத்திரி உருகுன நெலாவ யாரோ பாக்கெட்டுல கட்டிக் குடுத்துருக்காங்க’ங்கும். பால் கெட்டே போயிடும்.”

“எங்க வூட்ல நாலு மாடு இருக்குங்களே!” கொளஞ்சியம்மாள் குடையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“அடுத்தது படம். சொந்தக் கதைய கட்டம் கட்டமா வரைஞ்சு காட்டணுமாம். அவுங்கப்பா லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கொசு அடிக்கிறதுக்கு ஒரு முழுப் பக்கம்! நாளைக்கு உங்களையும் வரையும். மாமியார் கொறட்ட விடறது ஒரு கட்டம். அந்தக் கொறட்ட ஜன்னல் வழியா கொக்காட்டம் பறந்துபோயி வீராணம் ஏரியில எறங்குறது அடுத்த கட்டம்.”

“எங்க ஓரகத்தி கொறட்ட விடறது கடலூர் வரைக்கும் தெரிஞ்சுபோச்சா?”

சௌந்தரம் அதைக் காதில் வாங்கவில்லை.

“சினிமாவ வகுப்புலயே லைட்ட அணைச்சுட்டுப் போடறாங்க. ஒரே காட்சிய திரும்பத் திரும்ப. அதப் பாத்துட்டு வந்தா பஸ் ஜன்னல்தான் தெரை. சிப்காட் கெமிக்கல் ஃபேக்டரி பொகையெல்லாம் அதுக்கு மேகம். பாலம் வந்தா, ரோடு கரைஞ்சுபோயி, பஸ் மட்டும் தண்ணி மேல மெதுவா மெதக்குமாம். உள்ள தூங்குறவங்க எல்லாரும் மீனாயிடுவாங்களாம். கண்டக்டர் விசிலு, தூரத்துல எங்கியோ ஒரு படகு கூப்புடறாப்புல...”

சௌந்தரம் கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக அதே பஸ்ஸில் போய்வருகிறவள். சிப்காட் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றியதில்லை. இன்று அவள் குரல், தூக்கத்தில் பேசுகிறவளின் குரல்போல இழைந்தது. மஞ்சள் வெயில் கீரை முறத்தில் தளும்பியது. கொளஞ்சியம்மாள்கூட ஒரு கணம் அந்தப் பஸ்ஸில் ஏறி மிதந்துவிட்டுத் திடுக்கிட்டு இறங்கினாள்.

“அப்புறம் எறங்குற எடத்துல எறங்குமா, எறங்காதா?”

“எங்க? போன வாரம் பாண்டிச்சேரி போயி நின்னுச்சு.”

“அடுப்புல சோறு வெச்சா?”

“பொங்குறதப் பாத்துக்கிட்டே நிக்கும். வடிக்கணும்னு தோணாது.”

ரைஸ்மில் குடும்பத்துக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. கொளஞ்சியம்மாள் எழுந்தாள்.

“ஜாதகத்த இன்னொரு எடத்துல காட்டணும்னு எங்க வூட்ல சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. நான் வரேங்க.”

வாடகை வீட்டைப் பற்றி மறுபடி கேட்கக்கூட அவள் நிற்கவில்லை. நல்ல சம்பந்தம் ஒன்றைக் கீரை உருவுகிற நேரத்தில் உருவிப் போட்டாயிற்று. சௌந்தரம் அடுத்த கொத்தைக் கையில் எடுத்தாள்.

குடை தெருமுனை திரும்பியதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இளமதி நேராக வந்து முறத்துக்கு முன்னால் நின்றாள். கண்களில் நீர் நின்றது. உதடு துடித்தது.

“எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் அத்தை.”

“கேட்டா கேட்டுக்க” என்றாள் சௌந்தரம், தலையைத் தூக்காமலே.

அடக்கி வைத்திருந்த சிரிப்பு பீறிட, இளமதி கேட்டைப் பிடித்துக்கொண்டாள். “கொறட்ட, பஸ், மீனு எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது அப்படியே வந்துச்சு. ஆனா அந்தப் பால் கெட்டுப்போறது நான் சொல்லவே இல்லியே?”

“அது நானா சேத்தது. கட்டுரை உனக்கு மட்டுந்தான் வருமா? படிப்ப ஒழுங்கா முடி. என்னை வரையறப்ப மட்டும் இந்தத் தாடைய கொஞ்சம் கொறைச்சுப் போடு.”