வெறும் வயிற்றோடு வரவும்

காகிதக் கோப்பையிலிருந்த டீ பாதிக்கு மேல் பெயின்டரின் சட்டையில்தான் இறங்கியிருந்தது. கை அப்படி நடுங்கியது. கண்ணும் சிவந்திருந்தது.

எண்டோஸ்கோப்பி அறைக்கு வெளியே எதிர் நாற்காலியில் இருந்த வக்கீலுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. மச்சானுக்கு மயக்கம் தெளியக் காத்திருந்தவர், பொழுது போகாமல் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

"எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"இருபத்தஞ்சு இருக்கும் சார்."

"வெள்ளி விழா கொண்டாடியாச்சு. ரத்த வாந்தி?"

"போன மாசம். வாஷ்பேசின் நெறைய..." பெயின்டர் தலையைத் திருப்பினார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் ஃபைலோடு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"வராம என்ன செய்யும்? ஈரல் சுருங்கிட்டா ரத்தம் போக வழியில்லாம உணவுக்குழாய் நாளத்துல போய் முட்டும். அது புடைச்சு வெடிக்கும். இப்போ வாய் வழியா குழாயை விட்டு, ரப்பர் வளையம் மாட்டி இறுக்குவாங்க. எல்லாம் என் மச்சான் புண்ணியத்துல படிச்ச படிப்பு." வக்கீல் கோப்பையைப் பார்த்தார். "அதுக்கு வெறும் வயித்தோட வரணும். சார் ஜோரா டீ குடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க. ரொம்பப் பொறுப்பு."

பெயின்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்தம்மாவைப் பாருங்க. உங்களுக்காக அலைஞ்சு அலைஞ்சு மூஞ்சியே மஞ்சளா வெளிறிப் போச்சு."

மனைவி கண்ணைத் திறந்தாள். "விடுங்க சார். அவரே பயந்து போயிருக்காரு."

"பாத்தீங்களா, இப்பவும் உங்களை விட்டுக்கொடுக்கலை. இப்படி ஒரு பொண்டாட்டி கெடைச்சும் ஈரலைக் கெடுத்துக்கிட்டீங்களே, உங்களை என்ன சொல்ல?"

கதவு திறந்தது. நர்ஸ் நேராக வந்து மனைவியின் மடியிலிருந்த ஃபைலை எடுத்துக்கொண்டாள். "வாங்கம்மா. சர்க்கரை மாத்திரை இன்னைக்குப் போடலையே? கட்டுப் பல் இருந்தா கழட்டிக் கொடுத்துடுங்க."

மனைவி கண்ணாடியைக் கழற்றிக் கணவர் கையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள். கதவு மூடியது. பெயின்டர் அந்தக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வக்கீல் மூடிய கதவைப் பார்த்தார். "அப்போ... உங்க ஈரல்?"

"அது நல்லாத்தான் இருக்காம் சார். ஒரு சொட்டு தொடாதவளுக்குத்தான் சர்க்கரையால போச்சு."