மாடி வீட்டுக்குப் புதுக் குடி

"வேலை?" என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா.

"இனிமேதாங்க தேடணும்."

"கையிருப்பு?"

"மூணு மாசம் தாங்கும்." உண்மையைச் சொன்னதற்காக மனைவி அவன் காலை மிதித்தாள்.

தீவில் வந்து இறங்கிய இரண்டு நாளில் ஐந்து வீட்டில் இதே கேள்வி, இதே பதில். ஐந்து கதவும் சாத்தப்பட்டன.

"சாமான் என்னென்ன?"

"ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில். எல்லாம் போன வருஷம் வாங்கினது."

"ஊருக்கே திரும்பிப் போயிட்டா?"

"இதையெல்லாம் திரும்பக் கொண்டு போகணும்னா கப்பல் கூலிக்கே சொத்தை விக்கணும்மா. அப்படியே போட்டுட்டுப் போக வேண்டியதுதான்."

வீட்டுக்காரம்மா சாவியை நீட்டினாள். அட்வான்ஸ்கூடக் கேட்கவில்லை.

"பார்த்தியா, தங்கமான மனசு!" என்று மாடி ஏறும்போதே அவன் உருகிப்போனான்.

சாயந்தரம் ஸ்டூல் வாங்கலாம் என்று கீழே இருந்த பழைய சாமான் கடைக்குப் போன மனைவி, போன வேகத்தில் வெறுங்கையோடு திரும்பினாள்.

"கடையும் அந்தம்மாவோடதுதான்."

"நல்லதாப் போச்சு. விலை குறைச்சுத் தருவாங்க."

"ஒருத்தர் ஃப்ரிட்ஜ் கேட்டு வந்தாருங்க. 'மூணே மாசம் பொறுங்க, மாடிக்கு நல்லதா ஒண்ணு வந்திருக்கு'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."